பட்டுச்சேலை கட்டினால் ஆஸ்பத்திரி

எங்கள் வீட்டில் அம்மா பட்டுச்சேலை கட்டினால் தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறோம் என்று அர்த்தம். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். இப்போதெல்லாம் எங்களுக்கும் சிரிப்பு வருகிறது. சிரிக்க முடிகிறது என்பதால்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

தம்பி என்னைவிட எட்டு வயது இளையவன். காலேஜ் முடித்த கையோடு அவனுக்கு அந்த நோய் வந்தது. டாக்டர்கள் பைபோலார் என்றார்கள். எங்கள் வீட்டில் அதற்கு இரண்டே சொல்தான்: ஏறியிருக்கிறான், இறங்கியிருக்கிறான். இறங்கினால் போர்வைக்குள் போய்விடுவான். குளிக்க வைப்பதற்குள் நமக்குத் தாவு தீர்ந்துவிடும். ஏறினால் தூக்கம் கிடையாது, பேச்சு நிற்காது, பஸ் ஸ்டாண்டில் பார்க்கிறவர் எல்லாம் உயிர் நண்பர்கள், போட்டிருக்கும் சட்டையைக்கூடக் கழற்றிக் கொடுத்துவிடுவான். எனக்குப் பயமெல்லாம் ஏறுவதில்தான். இறங்கினால் வீட்டில் இருப்பான். ஏறினால் எந்த ஊர் பஸ்ஸில் இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது.

ஏறியிருக்கும்போது ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் வரமாட்டான். "எனக்கு என்னக்கா, நல்லாத்தான இருக்கேன். ஒனக்குத்தான் மூஞ்சி சரியில்ல, நீ போய்க் காட்டு" என்பான். அவன் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. முதல் தடவை என்ன செய்வதென்று தெரியாமல் அம்மா ஒரு தந்திரம் செய்தாள். அப்போது மதுரையில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். எங்கள் ஊர் எழுமலையில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்று சொல்லி, தன்னிடம் இருந்த ஒரே நல்ல பட்டை, மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்டதை, கட்டிக்கொண்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தினாள். கல்யாணம் என்றதும் தம்பிக்குக் குஷி தாங்கவில்லை. சென்ட் எல்லாம் அடித்துக்கொண்டு முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தான். ஆட்டோ நேராக மனநல ஆஸ்பத்திரியில் போய் நின்றது.

ஒருமுறை பலித்துவிட்டதால் அதுவே வழக்கமாகிவிட்டது. சொந்தத்தில் யாருக்குக் கல்யாணம் நடக்கிறதோ இல்லையோ, தம்பிக்கு ஏறினால் அம்மா பட்டு கட்டுவாள். ஏறியிருக்கிற மயக்கத்தில் அவனும் ஒவ்வொரு தடவையும் நம்பினான். அந்தப் பட்டு உண்மையான கல்யாணம் எதையும் அதிகம் பார்த்ததில்லை. அப்பா எழுமலையில் தோட்டத்தையும் மாடுகளையும் விட்டு நகரமாட்டார். வைத்தியத்துக்காக அம்மாவும் தம்பியும் மதுரையில், கோச்சடையில், நான் குடியிருக்கும் தெருவுக்கு அடுத்த தெருவிலேயே வீடு பார்த்து வந்துவிட்டார்கள். நான் இட்லி மாவு ஆட்டிப் பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். தம்பி நன்றாக இருக்கும் நாட்களில் மெயின் ரோட்டில் ஒரு பிளம்பிங் சாமான் கடையில் நிற்பான். எந்த பைப்புக்கு எந்த மூடி என்று அவனைக் கேட்டால் போதும், முதலாளியே அவனைத்தான் கேட்பார்.

போன வருஷம் ஆடி மாதம் அவனுக்கு ஏறியது. அம்மா பட்டு கட்டுவதற்குள் ஆள் கிளம்பிவிட்டான். வாரக்கணக்கில் தேடினோம். கடைசியில் கம்பத்திலிருந்து ஒரு போலீஸ்காரர் போன் செய்தார். ஒரு லாட்ஜில் இருந்தான். செருப்பில்லை, போனில்லை, பர்ஸ் இல்லை, உதடெல்லாம் வெடித்திருந்தது. நாங்கள் கேட்டது மூன்று கேள்விதான். சாப்பிட்டியா, போன் எங்கே, பணம் எங்கே. வேறு ஒன்றும் கேட்கவில்லை. அத்தனை நாளும் அவன் யாரோடு இருந்தான் என்று கேட்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை என்று சொன்னால் அது பாதிப் பொய். தோன்றியது, உடனே விரட்டிவிட்டோம். அவனைப் பற்றி அப்படியெல்லாம் நினைப்பதே பாவம் போல இருந்தது. முப்பத்தாறு வயது ஆம்பிளையை வீட்டில் எல்லோரும் "பச்சப்புள்ள" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஆஸ்பத்திரியில் சேர்த்து, இறங்கி, ஆவணி கடைசியில் வீட்டுக்கு வந்தான். இந்தத் தடவை வழக்கமாகப் போகிற கிளினிக்கிலேயே வேறொரு டாக்டரிடம் காட்டினோம். ஐம்பது வயதிருக்கும், கண்டிப்பான டாக்டரம்மா. அவரிடம் எங்களுக்குப் பிடிக்காதது ஒன்றுதான். ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் எங்களை வெளியே அனுப்பிவிட்டுத் தம்பியோடு மட்டும் பேசுவார். அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பொருமுவாள்.

"பெத்தவளுக்குத் தெரியாம அவனுக்கு என்னத்தா ரகசியம்? தூங்குறானா திங்கிறானான்னு அவனுக்கே தெரியாது. நாமதான சொல்லணும்."

"விடும்மா, டாக்டரு ஏதாச்சும் பேசுவாக" என்பேன். உள்ளுக்குள் எனக்கும் அதே எரிச்சல்தான்.

புரட்டாசி முழுக்கத் தம்பி நன்றாக இருந்தான். ஆனால் இப்படி ஒரு நோயோடு வருஷக்கணக்கில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வியாதி தொற்றிக்கொள்ளும். நன்றாக இருப்பதையே நம்ப மாட்டார்கள். தம்பி பாத்ரூமில் பாட்டு முணுமுணுத்தால் அம்மா மாத்திரை அட்டையை எடுத்துப் பார்ப்பாள். கட்டம் போட்ட சட்டை ஒன்று வாங்கி வந்தான் என்று எனக்கு போன் வந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு பிஸ்கட் கொடுத்தான், போன் வந்தது. மற்ற வீட்டில் இதையெல்லாம் சந்தோஷம் என்பார்கள். எங்கள் வீட்டில் இதெல்லாம் அறிகுறி.

ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு காலையில் கிரைண்டரில் உளுந்து ஓடிக்கொண்டிருக்கும்போது அம்மாவின் போன் வந்தது. குரலே சரியில்லை.

"ஏத்தா, ஒடனே வா. தம்பிக்கு ஏறிருச்சு."

கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடினேன். தம்பி கடைக்குப் போயிருந்தான். துணி ஊறப்போட்ட வாளி அப்படியே கிடந்தது. அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவனுடைய சட்டைப் பையில் இருந்ததாம். என்ன இருந்தது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "அதுதான், அந்தக் கருமம். அந்தக் காலத்துல ஆஸ்பத்திரில சும்மா குடுப்பாகள்ல" என்றாள். எனக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எங்க அது?"

"ஆத்துல போட்டுட்டேன்."

நியூஸ்பேப்பரில் சுற்றி, அதை ஒரு மஞ்சப்பைக்குள் வைத்து, பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வைகை வரைக்கும் நடந்துபோய்ப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். முழங்கால் வலி என்று மாடிப்படி ஏறாத மனுஷி. வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. இது தம்பி செய்கிற காரியமே இல்லை, நோய் செய்கிறது, மறுபடியும் கம்பம் மாதிரி எங்கேயோ கிளம்பப் போகிறான் என்றுதான் எனக்கும் பட்டது. டாக்டருக்கு போன் போட்டேன். சாயங்காலம் வரச் சொன்னார்.

சாயங்காலம் தம்பி கடையிலிருந்து வந்தபோது மழை மறுபடியும் தூறிக்கொண்டிருந்தது. அம்மா மாம்பழக்கலர் பட்டைக் கட்டிக்கொண்டு நடுவீட்டில் நின்றாள். வாசலில் ஆட்டோ. தம்பி சட்டையில் சிமென்ட் தூசியோடு அம்மாவை மேலும் கீழும் பார்த்தான்.

"யாருக்குக் கல்யாணம்?"

"எழுமலையில, நம்ம..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"ஐப்பசி மழையில, சாயங்காலம் ஆறு மணிக்கு, எழுமலையில கல்யாணமா?" என்றான். கோபமே இல்லை. "அம்மா, பட்டு கட்டுனா எங்க போவோம்னு எனக்குத் தெரியும். இம்புட்டு நாளும் ஏறிக் கெடந்ததால தெரியல. இப்ப எனக்கு ஏறல. எதுக்கு ஆஸ்பத்திரின்னு சொல்லுங்க, நானே வாரேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஆட்டோவைப் பார்த்தேன். எங்களுக்குச் சொல்லத் தைரியமில்லை. அவனே பெருமூச்சு விட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தான். நனையாமல் இருக்க அம்மாவின் முந்தானையை எடுத்து உள்ளே போட்டுவிட்டான்.

டாக்டரம்மா எங்களிடம் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். தூங்குகிறானா? தூங்குகிறான். மாத்திரை? போடுகிறான். வேலைக்குப் போகிறானா, அதிகம் பேசுகிறானா, காசைக் கண்டபடி செலவழிக்கிறானா? வேலைக்குப் போகிறான், மற்றதெல்லாம் இல்லை, இல்லை.

"அப்புறம் எத வச்சு ஏறிருச்சுன்னு சொல்றீங்க?"

அம்மா தரையைப் பார்த்தாள். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "அவன் சட்டப்பையில காண்டம் இருந்துச்சு டாக்டர்" என்றேன். நாற்பது வயது தாண்டி, இரண்டு பிள்ளை பெற்று, அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான் முதல் தடவை. காதெல்லாம் சூடாகிவிட்டது. தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. எங்களைத் திட்டவும் இல்லை. தம்பியிடம், "நீங்க என்கிட்ட சொன்னத உங்க அனுமதி இல்லாம நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். இவங்கள வெளிய இருக்கச் சொல்லவா, இல்ல நீங்க சொல்றீங்களா?" என்று கேட்டார்.

அவன் நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டான். "இருக்கட்டும் டாக்டர். நானே சொல்றேன்" என்றான்.

அவனுக்கு லித்தியம் மாத்திரையால் எப்போதும் விரல் லேசாக நடுங்கும். அன்று இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு பேசினான்.

"கம்பத்துல லாட்ஜ்ல இருந்தப்ப அங்க ஒரு பொம்பளகூட இருந்தேன்க்கா. அப்ப எனக்கு எதப் பத்தியும் பயமில்ல. ஏறியிருந்தா பயமே தெரியாதுல்ல. இறங்குனப்புறம் வார்டுல படுத்துக்கிட்டு நெனச்சுப் பாத்தேன். எய்ட்ஸ் வந்துருக்குமோன்னு. யார்கிட்ட கேக்குறது? எல்லாரும் தூங்குனியா, சாப்ட்டியான்னுதான் கேட்டீக. இவங்கதான் அதக் கேட்டாங்க."

டாக்டரம்மா சொல்லித்தான் அவன் பெரிய ஆஸ்பத்திரியில் நம்பிக்கை மையத்துக்குப் போயிருக்கிறான். எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிற இடம், காசு கிடையாது. லித்தியம் அளவு பார்க்க அவன் அடிக்கடி ரத்தம் கொடுக்கிறவன் என்பதால் கையில் பஞ்சோடு வந்தாலும் எங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. முதல் சோதனையில் ஒன்றும் இல்லை. ஆனால் கிருமி ரத்தத்தில் தெரிவதற்கு நாள் பிடிக்கும், கம்பத்தில் இருந்த நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்று அனுப்பியிருக்கிறார்கள். இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அந்தப் பாரத்தை அவன் தனியாகவே தூக்கிக்கொண்டு பிளம்பிங் கடையில் டேப்பும் பைப்பும் விற்றிருக்கிறான்.

"அப்ப அந்த... பாக்கெட்டு எதுக்கு?" என்று கேட்டேன்.

"அது நான் சொல்லிக் கொடுத்தது" என்றார் டாக்டரம்மா. "ஏறியிருக்கும்போது யோசிச்சு, கடைக்குப் போய், வாங்கி வச்சுக்க முடியாது. அதனால நல்லா இருக்கும்போதே எப்பவும் கூட வச்சுப் பழகணும். பர்ஸ் மாதிரி, சாவி மாதிரி. இவரு அதச் செஞ்சிருக்காரு. நீங்க நினைக்கிற மாதிரி இது நோய் இல்லம்மா. இவரு தெளிவா இருக்காருங்கிறதுக்கு இதவிட எனக்கு வேற சாட்சி வேண்டாம்."

அம்மா அப்போதுதான் வாய் திறந்தாள். "அவன் பச்சப்புள்ள டாக்டர்."

"முப்பத்தாறு வயசும்மா. மத்த எல்லாருக்கும் உள்ள ஆசையும் ஆபத்தும் இவருக்கும் உண்டு. பச்சப்புள்ளன்னு நெனச்சு யாரும் சொல்லிக் கொடுக்காம விடுறதுதான் இந்த மாதிரி நோய் உள்ளவங்களுக்கு இன்னும் பெரிய ஆபத்து."

வைகையில் மிதந்துபோன மஞ்சப்பை என் கண்முன் வந்தது. தம்பி அம்மாவைப் பார்த்து, "ஆத்துல போட்டியாக்கும்? சரி, புதுசு வாங்கிக்கிறேன்" என்றான்.

திரும்பும்போது ஆட்டோவில் இன்னொன்றையும் சொன்னான். அதே கிளினிக்குக்குச் சமயநல்லூரிலிருந்து ஒரு பெண் தன் அப்பாவைக் கூட்டி வருவாள். நானும் பார்த்திருக்கிறேன், முப்பது வயதிருக்கும், டோக்கன் கூப்பிடும் வரைக்கும் அப்பாவுக்கு பேப்பர் படித்துக் காட்டுவாள். இருவருக்கும் வருஷக்கணக்கில் பழக்கமாம். அவனுடைய நோய் அவளுக்குத் தெரியும், அப்பாவைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு ஏறுவதும் இறங்குவதும் புதிதில்லை. கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அவள்தான் கேட்டிருக்கிறாள். இவன் கம்பத்தில் நடந்ததைச் சொல்லி, இரண்டாவது சோதனை முடியட்டும், அதற்கு அப்புறம் பேசலாம் என்றிருக்கிறான்.

"அதுகிட்ட சொல்லிட்டியா? எல்லாத்தையுமா?"

"சொல்லாம எப்டிக்கா? நாளைக்கு அதுக்கும்ல வந்துரும்."

நானும் அம்மாவும் ஒரு பாக்கெட்டைப் பார்த்துவிட்டு மானம் போச்சு என்று பதறிய நேரத்தில், இவன் இன்னொருத்தியின் உயிரைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறான். அந்த நிமிஷம் தம்பி மேல் எனக்கு வந்த மரியாதை அதற்கு முன்பு வந்ததே இல்லை.

அந்த இரண்டு வாரமும் வீடு வீடாக இல்லை. அம்மாவுக்குச் சாமிக்கு நேர்ந்துகொள்ளக்கூடத் தைரியமில்லை. எதற்கு என்று சாமியிடம் சொல்லவும் கூச்சம். மூன்றாம் நாள் போனபோது அவன் டம்ளர் மட்டும் அலமாரியில் தனியாக இருந்தது. எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம். அந்த டம்ளரை எடுத்து, அதில் அவன் பாதி குடித்து வைத்திருந்த காபியை அம்மா முன்னாலேயே குடித்தேன்.

"எச்சில்லயும் டம்ளர்லயும் ஒட்டாதும்மா. டாக்டரு அம்புட்டு நேரம் சொன்னாகள்ல. ஒனக்கு ஒட்டிக்கிறது பயந்தான்."

அம்மா டம்ளரை வாங்கிக் கழுவி மற்றதோடு வைத்தாள். தம்பி உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். வெளியே வந்து, "நான் மிச்சம் வச்சிருந்த காபியக் குடிச்சுப்புட்டு வியாக்கியானம் வேற" என்றான்.

எங்கள் பெரிய பயம், இந்தக் கவலையிலேயே அவனுக்குத் தூக்கம் கெட்டு மறுபடி ஏறிவிடுமோ என்பது. அவனுக்கு அந்தப் பயம் இல்லை போலத் தெரிந்தது. ஒருநாள் மாவு பாக்கெட்டுக்கு ரப்பர் பேண்ட் போட உதவிக்கொண்டிருந்தவன் தானாகவே சொன்னான்.

"அப்டியே இருந்தாலும் மருந்து இருக்குக்கா. தெனம் மாத்திர போட்டா நல்லாவே இருக்கலாமாம். எனக்கென்ன, மாத்திர போடத் தெரியாதா? ஊருக்கே கிளாஸ் எடுப்பேன்."

"வாய மூடிக்கிட்டு ரப்பரப் போடு" என்றேன். அவன் போனபிறகு கொஞ்ச நேரம் கிரைண்டரைப் போட்டுவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதேன்.

சோதனைக்குப் போகும் அன்று அம்மாவும் வருகிறேன் என்றாள். "நீ வந்தா பட்டு கட்டுவ, அக்கா மட்டும் வரட்டும்" என்று சொல்லிவிட்டான். அந்த மையத்தில் யாரும் யாரையும் முறைத்துப் பார்க்கவில்லை. கையில் குழந்தையோடு வந்தவர்கள் இருந்தார்கள், கர்ப்பிணிகள் இருந்தார்கள், லாரி டிரைவர் மாதிரி ஒருவர் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். ரத்தம் எடுத்தார்கள். காத்திருந்தோம். பிறகு ஆலோசகர் தம்பியை மட்டும் உள்ளே கூப்பிட்டார். ரிசல்ட்டை அவனிடம் மட்டும்தான் சொல்வார்கள். நான் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பியின் முகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவன் போடும் இன்னொரு மாத்திரை முகத்தை இஸ்திரி போட்ட மாதிரி ஆக்கிவிடும். உள்ளே எம்புட்டு அழுகை இருந்தாலும், சிரிப்பு இருந்தாலும் வெளியே தெரியாது. கதவு திறந்து வெளியே வந்தவனின் முகத்தில் எனக்கு ஒன்றும் படிக்கக் கிடைக்கவில்லை. என் பக்கம் பார்க்காமல் நேராகக் கேட்டைத் தாண்டி நடந்தான். நான் பின்னாலேயே ஓடினேன். எதிரில் இருந்த டீக்கடையில் நின்று, "ரெண்டு டீண்ணே, ஒண்ணு சீனி கம்மி" என்றான். சீனி கம்மி எனக்கு.

கிளாஸ் கைக்கு வந்தபிறகுதான் சொன்னான்.

"நமக்கு ஒண்ணும் இல்லயாம்க்கா."

அவனுக்கு என்று சொல்லவில்லை, நமக்கு என்றான். ரோட்டில் நிற்கிறோம் என்பதெல்லாம் மறந்து அழுதேன். டீக்கடைக்காரர் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தார். தம்பியின் முகம் அப்படியேதான் இருந்தது. ஆனால் கிளாஸ் அளவுக்கு மீறி நடுங்கி டீ பாதி சட்டையில் சிந்தியது. அதைப் பார்த்துத்தான் அவனும் அழுகிறான் என்று தெரிந்துகொண்டேன். அம்மாவுக்கு போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டதும் முதலில் சாமி பேரைச் சொன்னாள். அப்புறம், "சாப்ட்டானா?" என்றாள். அந்த ஒரு தடவை அந்தக் கேள்வி எனக்கு வேண்டியிருந்தது.

அதோடு முடிந்தது என்று இருந்திருப்போம். டாக்டரம்மா விடவில்லை. நோய் மறுபடியும் ஏறலாம், அதற்கு இப்போதே பேசி வையுங்கள் என்றார். தம்பியே ஒவ்வொன்றாகச் சொன்னான். தூக்கம் குறைய ஆரம்பித்தால் ஏ.டி.எம். கார்டை அக்காவிடம் கொடுத்துவிடுவது. சட்டைப் பையில் இருப்பதை யாரும் எடுத்துத் தூக்கிப் போடக் கூடாது. எங்காவது போய்விட்டுத் திரும்பினால் சோறு போடுங்கள், ஆனால் யாரோடு இருந்தேன் என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள். மூன்று நாளைக்குள் தெரிந்தால் கிருமி ஒட்டாமல் தடுக்கிற மாத்திரை இருக்கிறதாம். அதைக் கேள்விப்பட்டபோது, கம்பத்திலிருந்து வந்த அன்று நாங்கள் கேட்ட மூன்று கேள்விகளும் எனக்கு ஞாபகம் வந்தன. கடைசியாக அம்மாவைப் பார்த்துச் சொன்னான்.

"இன்னொண்ணும்மா. இனிமே பட்டுச்சேல கட்டி ஏமாத்தாத. ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா ஆஸ்பத்திரின்னே சொல்லு. நான் முரண்டு பிடிச்சா, நீதான்டா அன்னைக்கு ஒத்துக்கிட்டன்னு சொல்லு. கல்யாணம்னு நம்பி வந்து ஏமாந்தது இறங்குனப்புறமும் ஞாபகத்துல இருக்கும்மா. அது ரொம்ப வலிக்கும்."

அம்மா அன்று வீட்டுக்கு வந்ததும் பட்டைப் பழைய வேட்டியில் சுற்றி பீரோவின் அடித்தட்டில் வைத்துவிட்டாள்.

அம்மா வாயால் மாறினேன் என்று சொல்கிறவள் இல்லை. தையில் ஒருநாள் காலையில் நான் போனபோது துணி ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். தம்பி சட்டைப் பையில் கையை விட்டு, அந்தப் பாக்கெட்டை இரண்டு விரலால் எடுத்து, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய் ஃப்ரிட்ஜ் மேல் அவன் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டாள்.

"என்ன பாக்குற? வாளிக்குள்ள போயிருந்தா வீணாப் போயிருக்கும்ல" என்றாள்.

சமயநல்லூர்ப் பெண் வீட்டில் பேசினோம். டாக்டரம்மா இருவரையும் உட்கார வைத்து, கல்யாணம் நோய்க்கு மருந்து இல்லை, மாத்திரைதான் மருந்து என்று தெளிவாகச் சொன்னார். "அது எனக்கு அப்பாவப் பாத்தே தெரியும் டாக்டர்" என்றாள் அந்தப் பெண். அவளும் தானாகவே போய்ப் பரிசோதனை செய்துகொண்டாள். "இவரு மட்டும் குத்துப்பட்டா எப்டி" என்றாளாம். வைகாசியில் முகூர்த்தம் குறித்தோம். சமயநல்லூரிலேயே சின்ன மண்டபம், நூறு பேருக்குச் சாப்பாடு. அப்பா தோட்டத்துக்கு ஆள் வைத்துவிட்டு முதல் நாளே வந்துவிட்டார்.

கல்யாணத்தன்று விடிகாலையில் வேன் வாசலில் நின்றது. தம்பி பட்டு வேட்டி கட்டி நடுவீட்டில் நின்றான். அம்மா உள்ளேயிருந்து வெளியே வந்தாள். சுங்குடிச் சேலை. துவைத்ததுதான், புதிதுகூட இல்லை.

"என்னம்மா இது? மகன் கல்யாணத்துக்கு இதையா கட்டுறது?" என்று நான் சத்தம் போட்டேன்.

அம்மா எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "பட்டக் கட்டுனா புள்ள பயந்துருவான்த்தா. நல்ல நாளு அதுவுமா எதுக்கு" என்றாள்.

தம்பிக்கு அது கேட்டுவிட்டது. பீரோவைத் திறந்து, அடித்தட்டிலிருந்து வேட்டி மூட்டையை எடுத்து, அவிழ்த்து, மாம்பழக்கலர் பட்டை அம்மாவின் கையில் வைத்தான். நடுங்குகிற விரலால் மடிப்பை நீவிவிட்டான்.

"கட்டிட்டு வாம்மா. இன்னைக்கு நெசமாவே கல்யாணத்துக்குத்தான் போறோம்."